முயல் படம் வேண்டாம்

எட்டாயிரத்து ஐநூறு ரூபாய்.
கையெழுத்துப் போட்டு வாங்கும்போது
தலைமையாசிரியர் சொன்னார்:
"கெட்டி அட்டையாப் பாத்து வாங்குங்க டீச்சர்.
பீரோக் கண்ணாடி வழியாப் பாத்தா
நெறஞ்சு தெரியணும்."

நான் கணக்கு டீச்சர்.
நூலகப் பொறுப்பு
கடைசியாகச் சேர்ந்தவர் தலையில் விழும்,
கழிப்பறைச் சாவியைப் போல.

பீரோவில் ஏற்கெனவே இருந்தவை:
கூட்டுறவுச் சங்கத் துணை விதிகள், பதினொரு பிரதி.
பட்டுப்புழு வளர்ப்பு, நான்கு.
யாரோ ஒரு தலைவரின் மணிவிழா மலர்.
யார் என்பதைக் கரையான் தின்றிருந்தது.
எல்லாவற்றிலும் பள்ளி முத்திரை,
எதிலும் விரல் அழுக்கில்லை.
தொலைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்று
எனக்கு முன்னிருந்தவர்
சாவியை வாடிப்பட்டியில்
தன் வீட்டிலேயே வைத்திருந்தாராம்.

வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட்.
எட்டாம் வகுப்புக்குத் துண்டுக் காகிதம் கொடுத்தேன்.
என்ன புத்தகம் வேண்டும்?
பேர் எழுத வேண்டாம் என்றேன்.
கையெழுத்து எனக்குத் தெரியாதா என்ன.

பேய். ஆனா நெசப் பேய்.

போர் மோட்டாருக்குக் காயில் கட்டுவது எப்படி.

கடைசியில நீதி இல்லாத கதை.
(யோகதர்ஷினி. 'தி'க்கு மட்டும் கொம்பு நீளும் அவளுக்கு.)

பெரிய எழுத்து. முயல் படம் வேண்டாம்.

இதை எழுதியவன் ஒச்சப்பன்.
இந்தப் பத்துச் சொச்சம் எழுத்துக்கு
அரைப் பீரியட் எடுத்துக்கொண்டான்,
கையால் மறைத்து,
பரீட்சையில்கூட அப்படி மறைத்ததில்லை.

ஒரு துண்டில் ஒன்றுமே இல்லை.

சனிக்கிழமை எழுமலை பஸ்,
ஆரப்பாளையத்தில் இறங்கி
தமுக்கம் போய்ச் சேரும்போது
வெயில் கூடாரத் தகரத்தில் ஏறி உட்கார்ந்திருந்தது.

"பள்ளிக்கூடத்துக்கா? செட்டாவே இருக்கு.
நூறு புத்தகம், எட்டாயிரம்.
பில்லு எப்படி வேணுமோ போட்டுக்கலாம்."
நூறும் ஒரே நிறம், ஒரே உயரம்,
அணிவகுப்பு மைதானம் போல.
யோசித்துச் சொல்கிறேன் என்று டீ குடிக்கப் போனேன்.
உண்மையிலேயே யோசித்தேன்,
பொய் சொல்ல மாட்டேன்.
ஒரே கையெழுத்தில் வேலை முடியும்,
நாலரை மணி பஸ்ஸைப் பிடித்துவிடலாம்.

நீதிக்காகக் கடைசிப் பக்கங்களைப் புரட்டினேன்.
"என்ன டீச்சர், உருதுப் புத்தகம் மாதிரி
பின்னாலேருந்து பாக்குறீங்க?"
மோட்டார் கிடைத்தது.
பேய் ஏராளம்,
நெசம் எது என்று கடைக்காரருக்கும் தெரியவில்லை.

பெரிய எழுத்துதான் கிடைக்கவில்லை.
பெரிய எழுத்து என்றாலே முயல்.
முயல் சட்டை போட்டிருக்கிறது, குடை பிடிக்கிறது,
சிங்கத்தைக் கிணற்றில் தள்ளுகிறது.
மீசை அரும்பும் பையன் கையில் இதைக் கொடுத்தால்
பெஞ்சு பெஞ்சாகச் சிரிப்பு உருண்டு வரும்.
அடுத்த கடையில்
பக்தர்களுக்கான பெரிய எழுத்துக் கதைப்பாடல்.
வரி பிரிக்காமல் ஓடுகிற தமிழ்,
நானே இரண்டு இடத்தில் மூச்சு வாங்கினேன்.

விளக்குப் போடும் நேரம்,
மேசைக்கடியில் ஒரு பெட்டியில்:
பாம்புகள்.
முப்பத்திரண்டு பக்கம், நாற்பது ரூபாய்,
ஊசி குத்திய மெல்லிய அட்டை.
பக்கத்துக்கு நாலே வரி,
எழுத்து ஒவ்வொன்றும் புளியங்கொட்டை அளவு.
முயல் ஒரே ஒரு இடத்தில் வருகிறது,
மலைப்பாம்பின் வாயில்,
பின்னங்கால் மட்டும் வெளியே.

மூன்று எடுத்தேன்.

தலைமையாசிரியர் பையைத் தூக்கிப் பார்த்தார்.
"கனமே இல்லையே டீச்சர்."
கூட்டுறவு விதிகள் பதினொன்றையும்
கண்ணாடிக்கு முன்வரிசையில் நிறுத்தினேன்.
அட்டை கெட்டி, முதுகில் தங்க எழுத்து.
புதியவை பூட்டில்லாத மேசைமேல்.

அரையாண்டுத் தேர்வுக்குள்
பாம்பு இரண்டைக் காணோம்.
இருப்புப் பதிவேட்டில் சிவப்பு மையால் எழுதினேன்.
எண்பது ரூபாய். பிடித்துக்கொள்ளட்டும்.

அந்த வெற்றுத் துண்டு
இன்னும் என் பர்ஸில் இருக்கிறது,
பஸ் டிக்கெட்டுகளுக்கு நடுவே.
அது யாருடையது என்று மட்டும்
என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.